கவனிப்பவரின் குரல்

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லோரும் சொல்வார்கள். வரட்டும். அந்தக் கோபம் இருக்கும்போதே இதைச் சொல்லிவிடுகிறேன். ஆறிய பிறகு சொன்னால் அத்தானை நானே நல்லவராக்கிவிடுவேன். என் புத்தி அப்படி.

அத்தான் என்றால் என் அக்காவின் கணவர். விமானி. நானும் விமானிதான், என் உரிமம் அப்படித்தான் சொல்கிறது. அவர் வேலை பார்த்த கம்பெனி இழுத்து மூடப்பட்டதால் ஒரு வருடமாக வீட்டில் இருந்தார். எனக்கோ உரிமம் கிடைத்த நாளிலிருந்து ஒரு கம்பெனியும் கதவைத் திறக்கவில்லை. சரக்கு விமானக் கிடங்கில் எடை பார்க்கிற வேலையில் இருந்தேன். எந்தப் பெட்டி முன்னால் போக வேண்டும், எது பின்னால் போனால் வால் கனத்துவிடும் என்று சொல்லி ஏற்றி அனுப்புவேன். விமானம் போகும், நான் கிடங்கிலேயே நிற்பேன். குடியிருந்ததும் அக்கா வீட்டில்தான். ஆக ஒரே கூரைக்குக் கீழே பறக்காத விமானிகள் இரண்டு பேர். "ரெண்டு பைலட்டு இருக்கிற வீட்ல மொட்டை மாடிக்குக்கூட நான்தான் ஏற வேண்டியிருக்கு" என்று அக்கா ஈரத்துணி வாளியோடு படியேறுவாள்.

சின்ன ஊர்களுக்கு விமானம் ஓட்டும் ஒரு கம்பெனி ஆள் எடுக்கிறது என்று கேள்விப்பட்டதும் இரண்டு பேரும் விண்ணப்பித்தோம். என்னைப் போல அனுபவம் குறைந்தவர்களையும் எடுப்பார்கள். ஆனால் அதற்கு ஒரு வயது வரம்பு. அடுத்த ஆண்டு நான் அதைத் தாண்டிவிடுவேன். மற்ற கம்பெனிகள் எல்லாம் ஆயிரக்கணக்கான மணி நேரம் பறந்திருக்க வேண்டும் என்று கேட்கும். அத்தானிடம் அது இருந்தது, என்னிடம் இல்லை. இதை விட்டால் எனக்கு வேறு வாசல் கிடையாது. சாகிறவரை பெட்டி நிறுத்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

தேர்வு ஒரே நாளில். காலையில் நேர்காணல், மதியம் சிமுலேட்டர். சிமுலேட்டர் என்றால் ஒரு பெரிய கூடத்தில் இரும்புக் கால்களில் நிற்கும் பெட்டி. உள்ளே ஏறிக் கதவைச் சாத்தினால் அசல் விமானத்தின் முன்னறை. அதற்குள் இரண்டு இரண்டு பேராக அனுப்புவார்கள். ஒருவர் ஓட்டுவார், மற்றவர் கருவிகளைப் பார்த்துக்கொண்டு வேண்டியதைச் சொல்வார். பிறகு இடம் மாற வேண்டும். யாரோடு ஜோடி சேர்வது என்பதை நாமே முடிவு செய்யலாம். அத்தான் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இதற்கு யோசனை வேறு வேண்டுமா? ஜோடிக்கு ஒரு தொலைபேசி எண் கேட்டார்கள். கிடங்கில் போனை வாசலிலேயே பூட்டி வைத்துவிடுவார்கள் என்பதால் அவர் எண்ணையே கொடுத்தோம்.

துணி துவைக்கும் அறையைப் பயிற்சி அறையாக மாற்றினோம். விமானத்தின் கருவிப் பலகையை அதே அளவில் துண்டு துண்டாக அச்செடுத்து அலமாரிக் கதவில் ஒட்டினோம். முன்னால் இரண்டு சாப்பாட்டு மேஜை நாற்காலிகள். ஸ்டியரிங்குக்கு ஆளுக்கொரு துணி மாட்டும் ஹேங்கர். சக்கரத்தை ஏற்றி இறக்கும் நெம்புகோலுக்கு, தண்ணீர் பாட்டிலில் செருகிய கரண்டி. அக்கா சலவை இயந்திரத்தின் மேல் ஏறி உட்கார்ந்துகொண்டு கன்ட்ரோல் டவராகிவிடுவாள். முதல் வாரம் அவள் பேசியதைக் கேட்டால் எந்த விமானமும் தரை இறங்கியிருக்காது. போகப் போக அவளுக்கே எல்லாம் மனப்பாடம். நாங்கள் தப்பு செய்தால் எங்களுக்கு முன்னால் அவள் நாக்கைக் கடித்துக்கொள்வாள்.

தினமும் மாலை நான் வேலை முடிந்து வந்ததும் தொடங்குவோம். புறப்பாடு, ஒரு இன்ஜின் செயலிழப்பது, ஒற்றை இன்ஜினோடு திரும்பி வருவது, இறங்க முடியாமல் மீண்டும் மேலே ஏறுவது. இருவருக்கும் ஒவ்வொரு குறை இருந்தது. ஒற்றை இன்ஜினில் திருப்பத் தொடங்கும்போது எனக்கு உயரம் கொஞ்சம் நழுவும். ஐம்பது அறுபது அடி இறங்கி, உடனே நானே பிடித்துவிடுவேன். நூறு அடி வரை வரம்புக்குள்தான். அத்தானுக்கு வேறு வியாதி. மீண்டும் மேலே ஏறும்போது சக்கரத்தை உள்ளே இழுக்க மறந்துவிடுவார். "பாசிட்டிவ் கிளைம்ப்" என்று நான் சொல்ல வேண்டும். விமானம் ஏறத் தொடங்கிவிட்டது என்று அர்த்தம். அதைச் சரியான நொடியில் சொன்னால் அவருக்கு நினைவு வந்து "கியர் அப்" என்பார். ஒரு மூச்சு தாமதமானால் அடுத்த வேலைக்குத் தாவிவிடுவார், சக்கரம் தொங்கிக்கொண்டே வரும்.

அத்தான்தான் எங்களுக்குள் ஒரு பேச்சு வைத்தார். "இங்க பாரு வாலு" என்றார். வாலு என்பது அவர் எனக்கு வைத்த பெயர். "வரம்பு தாண்டினா கவனிக்கிறவங்க கட்டாயம் சொல்லணும். அதுக்கு முன்னாடி சொல்றது தப்பில்ல. ஆனா நாம சொல்லக் கூடாது. தானா திருத்திக்கிறாங்களான்னுதான் தேர்வு வைக்கிறவங்க பார்ப்பாங்க. சும்மா சும்மா சொல்லிட்டே இருந்தா, ஓட்டுறவருக்கு ஒண்ணும் தெரியலன்னு ஆயிடும். வாயை மூடிட்டு இருக்கிறதுதான் பெரிய உதவி."

"இவ வாயை மூடுறதா? அப்ப இவ ஃபெயிலு" என்று சலவை இயந்திரத்தின் மேலிருந்து அக்கா சிரித்தாள். அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்த இரண்டு மாதமும் நான் சந்தோஷமாக இருந்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆனால் உண்மை.

தேர்வு நாளில் நேர்காணல் நன்றாகவே போனது. மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்தவர், "இத்தனை வருஷம் பறக்காம இருந்திருக்கீங்க, கை மறந்திருக்குமே?" என்று கேட்டார். "கை மறந்திருந்தா மதியமே தெரிஞ்சிடும் சார், இப்ப நான் என்ன சொல்லி என்ன?" என்றேன். ஓரத்தில் இருந்த பெண்மணி சிரித்துவிட்டார். வெளியே வந்து அத்தானிடம் சொன்னபோது அவர், "ம்" என்று மட்டும் சொன்னார். பதற்றம் என்று நினைத்துக்கொண்டேன். எனக்கு அவ்வளவுதான் விவரம்.

மதியம் முதலில் நான் ஓட்ட வேண்டும். பெட்டிக்குள் ஏறினோம். எங்கள் முதுகுக்குப் பின்னால் மடியில் அட்டையோடு தேர்வாளர் உட்கார்ந்தார். நரைத்த மீசை, பேச்சே இல்லாத மனிதர். முன்கண்ணாடியில் வெளிச்சம் வந்தது. ஓடுபாதை கண் முன்னால் வந்தது. காகிதத்தையே பார்த்துப் பழகிய எனக்கு ஊசிகள் அசைவதே திருவிழாவாக இருந்தது. புறப்பட்டேன். அழகாக ஏறியது.

ஒரு இன்ஜினை அணைத்தார் தேர்வாளர். மூக்கு இடது பக்கம் இழுத்தது. வலது காலால் மிதித்துப் பிடித்தேன், நேராக நின்றது. திரும்பச் சொன்னார்கள். நான் திருப்ப ஆரம்பிக்கவே இல்லை, ஹேங்கருக்குப் பழகிய கை அப்போதுதான் ஸ்டியரிங்கில் அசைந்தது, அதற்குள் பக்கத்து இருக்கையிலிருந்து குரல் வந்தது.

"ஆல்டிடியூட்."

உயரத்தைப் பார்த்தேன். இருபது அடி கூடக் குறையவில்லை. ஆனால் ஒருவர் சொல்லிவிட்டால் பதில் சொல்லியாக வேண்டும், அது விதி. "கரெக்டிங்" என்றேன்.

திருத்திக்கொண்டிருக்கும்போதே, "ஸ்பீட்." வேகம் இரண்டே நாட் கூட இருந்தது. "கரெக்டிங்." திருப்பம் முடியும் நேரம், திசை ஒரு துளி விலகியதும் "ஹெடிங்." "கரெக்டிங்."

கத்தவில்லை, அதட்டவில்லை. தூங்கும் குழந்தையை எழுப்புகிற மாதிரி பதமான குரல். நான் எங்கே நழுவுவேன் என்று அந்த மனிதருக்கு மனப்பாடம். ஒவ்வொரு இடத்துக்கும் எனக்கு முன்னால் போய் நின்றுகொண்டு அங்கிருந்து கூப்பிட்டார். நான் தானாகத் திருத்திய ஒவ்வொன்றும் அவர் சொல்லித் திருத்தியதாக ஆயிற்று. ஓடுபாதைக்கு இறங்கி வரும்போது என் வாயில் "கரெக்டிங்" என்பதைத் தவிர வேறு வார்த்தை இல்லை. பின்னால் பேனா அட்டையில் ஓடும் சத்தம் கேட்டது. ஒரு முறை தேர்வாளர் "நல்ல மானிட்டரிங்" என்று மெல்லச் சொன்னார். எனக்கு அல்ல.

தப்பே செய்யாமல் தரையிறக்கினேன். இறங்கியபோது சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. பதற்றத்தில் எங்கள் பேச்சை மறந்துவிட்டார் போலும் என்றுதான் அப்போதும் நினைத்தேன். நம்புங்கள், அப்படித்தான் நினைத்தேன்.

இடம் மாறுவதற்கு முன் சிறிய இடைவேளை. கூடத்தின் ஓரத்தில் காபி இயந்திரம். காலையிலிருந்து எங்களை அழைத்துக்கொண்டு திரியும் எச்.ஆர். பெண் அங்கே நின்றிருந்தாள். எனக்கு ஒரு கோப்பை எடுத்துக் கொடுத்துவிட்டு, "உங்களைப் பார்த்தா ஆச்சரியமா இருக்கு" என்றாள். "ஜோடிக்கு ஒருத்தரைத்தான் எடுப்போம்னு தெரிஞ்சும் ஒரே வீட்ல இருந்து ரெண்டு பேர் சேர்ந்து வந்திருக்கீங்களே. பெரிய மனசு வேணும்."

"ஒருத்தரையா?"

"ஆமா, வர வேண்டிய விமானம் பாதி தள்ளிப்போச்சுல்ல, இடம் பாதியாயிடுச்சு. போன வாரமே எல்லா ஜோடிக்கும் போன் பண்ணினோமே. வேற ஆளோட ஜோடி சேரணும்னா மாத்திக்கலாம்னும் சொன்னோம். நிறைய பேர் மாத்திக்கிட்டாங்க. உங்க அத்தான்தான், வேணாம், நாங்க இப்படியே வர்றோம்னாரு." என் முகத்தைப் பார்த்து அவள் பேச்சை நிறுத்தினாள். "உங்ககிட்ட... சொல்லலையா?"

"சொன்னாரு, சொன்னாரு" என்றேன். ஏன் அப்படிச் சொன்னேன் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. வீட்டு மானத்தைக் காப்பாற்றுகிற கெட்ட பழக்கம். காபி கையைச் சுட்டது, கீழே வைக்கத் தோன்றவில்லை.

வேறு ஆளோடு போயிருந்தால் இரண்டு பேருக்குமே கிடைத்திருக்கலாம். போட்டி என்று சொல்லியிருந்தால் போட்டி போட்டிருப்பேன். தோற்றால் இரண்டு நாள் கத்திவிட்டு அடங்கியிருப்பேன். என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, என் குறையைத் தினமும் பார்த்துத் தெரிந்துகொண்டு, அதையே பிடித்து என் காலை வாரியிருக்கிறார். அதுவும் மரியாதையான குரலில்.

பெட்டிக்கு ஏறும் இரும்புப் பாலத்தில் அவரை நிறுத்தினேன்.

"அத்தான், ஜோடிக்கு ஒருத்தர்தானா?"

அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை. "இப்ப வேணாம் வாலு. என் டர்ன் முடியட்டும், பேசிக்கலாம்."

என் டர்னில் வாயே மூடாதவர், தன் டர்னுக்கு என்னிடம் அமைதி கேட்டார். அடக் கடவுளே என்று இருந்தது.

உள்ளே போய் உட்கார்ந்தோம். இப்போது கவனிப்பவள் நான். அவர் கையில் எது எப்போது தடுமாறும் என்று எனக்கும் தெரியுமே. அவர் செய்ததை அப்படியே அவருக்குத் திருப்பிக் கொடுக்கலாம். புறப்பட்டதும் வேகம் ஒரு நாட் கூடியது. "ஸ்பீட்" என்ற சொல் என் நாக்கு நுனி வரை வந்தது. பின்னால் பேனாவும் தயார். நான் வாயை மூடிக்கொண்டேன். பெரிய தியாகி என்று இதைச் சொல்லவில்லை. விமானத்தில் உட்கார்ந்துகொண்டு பக்கத்து ஆளைக் கவிழ்க்கிறவளாக என்னால் ஆக முடியவில்லை, அவ்வளவுதான். அந்த இருக்கை எதற்காக இருக்கிறதோ அதற்கு மட்டும் இருந்தேன்.

அவர் இறங்கி வந்தார். ஓடுபாதை தெரியவில்லை, மறுபடி மேலே ஏறு என்றார்கள். அவர் வேகத்தைக் கூட்டி மூக்கைத் தூக்கினார். நான் உயரத்தைப் பார்த்தேன். ஊசி நின்றது, நடுங்கியது, ஏறத் தொடங்கியது. ஒரே ஒரு மூச்சு தாமதித்தால் போதும். யாரும் என்னைக் குறை சொல்ல மாட்டார்கள். அவர் சக்கரத்தைத் தொங்கவிட்டபடி ஏறிக்கொண்டிருப்பார், மீசைக்காரர் எழுதிக்கொள்வார், எனக்கு என் வேலை கிடைக்கும். அவர் நெற்றிப்பொட்டில் வியர்வை ஓடுவது ஓரக்கண்ணில் தெரிந்தது.

"பாசிட்டிவ் கிளைம்ப்" என்றேன். சரியான நொடியில்.

"கியர் அப்" என்றார் அத்தான்.

கையை நீட்டிச் சக்கரத்தை ஏற்றினேன். அவருடைய அரை மணி நேரத்தில் நான் வேறு எதையும் சொல்ல வேண்டி வரவில்லை. அவ்வளவு நன்றாக ஓட்டினார்.

மாலையில் எல்லா ஜோடிகளையும் ஒரே அறையில் உட்கார வைத்து, மருத்துவப் பரிசோதனைக்கு இருக்க வேண்டியவர்களின் பெயர்களை மட்டும் எச்.ஆர். பெண் படித்தாள். எங்கள் ஜோடியில் அத்தான் பெயர். மற்றவர்கள் போகலாம் என்றார்கள். நான் எழுந்தேன். மீசைக்காரத் தேர்வாளர் வாசலில் என்னை நிறுத்தி, "கை நல்லா இருக்கு. ஆனா பக்கத்துல ஒருத்தர் சொல்லிட்டே இருந்தாத்தான் வருது. அதை மட்டும் சரிபண்ணிக்கோங்க" என்றார். நல்ல மனிதர், நல்லதற்காகத்தான் சொன்னார். நன்றி சொன்னேன். அத்தான் நாற்காலியில் குனிந்து ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டிருந்தார். அது ஏற்கனவே கட்டித்தான் இருந்தது.

பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அக்காவிடம் என்ன சொல்வது என்று வழியெல்லாம் யோசித்தேன். அவள் கணவரை விட்டுக்கொடுக்க மாட்டாள், தெரியும். ஆனால் "என் தங்கச்சிக்கு இப்படிப் பண்ணலாமா?" என்று ஒரு வார்த்தை அவரைக் கேட்பாள். எனக்கு அந்த ஒரு வார்த்தை போதும் என்று இருந்தது. அம்மா போன பிறகு என்னை வளர்த்தவள் அவள். பள்ளிக்கூடத்தில் எவன் என்னை அடித்தாலும் மறுநாள் அவள் போய் வாசலில் நிற்பாள். பாவம், இரண்டு பேருக்கும் வேலை கிடைத்துவிடும் என்று காலையில் அவ்வளவு சந்தோஷமாக வழியனுப்பினாள். இந்தச் செய்தி அவள் தலையிலும் இடியாக விழுமே என்று அவளுக்காகவும் வருத்தப்பட்டேன். அவள் முன்னால் அழக் கூடாது என்று முடிவு செய்துகொண்டு இறங்கினேன்.

மணியை அழுத்துவதற்குள் கதவு திறந்தது. அக்கா என்னைப் பார்த்தாள். என் தோளைத் தாண்டிப் படிக்கட்டை எட்டிப் பார்த்தாள். அங்கே யாரும் இல்லை.

"யாருக்குக் கிடைச்சுது?" என்றாள்.

"உன் வீட்டுக்காரருக்கு" என்று சொன்ன பிறகுதான் எனக்கு உறைத்தது. ஒருவருக்குத்தான் கிடைக்கும் என்று நான் இன்னும் அவளிடம் சொல்லவே இல்லை.

அவள் முகத்தில் முதலில் வந்தது நிம்மதி. நான் பார்த்தேன். அதை அவள் மறைப்பதற்குள் நான் பார்த்துவிட்டேன்.

"உனக்கும் தெரியுமா?" என்றேன்.

அவள் கதவின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். "போன வாரம் போன் வந்தப்போ நான் பக்கத்துலதான் இருந்தேன்."

"வேற ஜோடியா மாத்திக்கலாம்னு சொன்னாங்களாமே. மாத்தியிருந்தா எங்க ரெண்டு பேருக்குமே கிடைச்சிருக்கும்க்கா. ஏன் வேணாம்னாரு?"

"அவரா வேணாம்னு சொல்லல." அக்காவின் குரல் இறங்கிவிட்டது. "மாத்திக்கிறேன்னுதான் வாயெடுத்தாரு. நான்தான் கையைப் பிடிச்சு, வேணாம்னு சொல்லச் சொன்னேன்."

கதவைப் பிடித்திருந்த அந்தக் கையைப் பார்த்தேன்.

"ஒரு வருஷம்டி. அந்த மனுஷன் பகல் பூரா சுவத்தைப் பார்த்துட்டு உக்காந்திருந்ததை நீ பார்க்கல, வேலைக்குப் போயிடுவே. இதுவும் போச்சுன்னா என்ன பண்ணிக்குவாரோன்னு பயம். வேற எவனோ பக்கத்துல உக்காந்தா அவர் சக்கரத்தை மறந்துடுவாரு. அவன் எதுக்குச் சரியா சொல்லப் போறான்?" கண்ணீர் வழிந்தது, துடைக்கவில்லை. "ரெண்டு மாசமா மெஷின் மேல உக்காந்து பார்த்துட்டுதானே இருந்தேன். நீ திருப்புறதுக்கு முன்னாடியே சொல்லுங்கன்னு அவர்கிட்ட சொன்னதும் நான்தான். அவருக்கு அது பிடிக்கவே இல்ல."

"நான் அவரை அதே மாதிரி பண்ணியிருந்தா?"

அக்கா என்னை நிமிர்ந்து பார்த்தாள். அந்தக் கேள்வியே அவளுக்குப் புதிதாக இருந்தது போல.

"நீ பண்ணமாட்டே. என்ன கோபம் வந்தாலும் அவரை விழ விடமாட்டே. உன்னை நம்பித்தான்டி அவரை அனுப்பினேன்."

உள்ளே வா என்று கதவை அகலத் திறந்தாள். செருப்பைக் கழற்றுவதா வேண்டாமா என்று தெரியாமல் நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன்.